ஹலீம் எல்-தாப்: 1944இல் கெய்ரோவில் கம்பியில் பதிந்த இசை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசிக்கலாம்.

எகிப்து என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அஸ்ஹர். அடுத்தது காரி அப்துல் பாஸித் அவர்களின் ஓதல். வயதில் மூத்தவர்களுக்கு உம்மு குல்தூம். வரலாறு படித்தவர்களுக்கு, இங்கே நாடு கடத்தப்பட்டு வந்த அறாபி பாஷா. இந்தப் பட்டியலில் ஹலீம் எல்-தாப் என்ற பெயர் வராது. கையில் இருக்கும் போனில் ஒரு குரலைப் பதிந்து, அதை எதிரொலிக்க வைத்து, இழுத்து, நசுக்கி, பாட்டோடு சேர்த்து விளையாடும் நம் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியாது. அந்த விளையாட்டைக் கலையாகச் செய்து பார்த்த ஆரம்பகால மனிதர்களில் ஒருவர் அவர். அதை அவர் செய்தது 1944இல். செய்த இடம் கெய்ரோ.

2018இல் மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரில் ஒரு கண்காட்சி நடந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கு நடக்கும் 'டக்-ஆர்ட்' என்ற பெரிய கலை விழாவின் ஒரு பகுதி அது. கண்காட்சி முழுவதும் இந்த ஒரு மனிதரைச் சுற்றியது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'குரைக்கும் நாய்க்கு நாய் சொல்லும் ஞானம்' என்று வரும். அவருடைய இசையமைப்பு ஒன்றின் பெயரையே தலைப்பாக்கியிருந்தார்கள். பிறகு 2021இல் பெர்லினில் உள்ள சாவி கன்டெம்பரரி என்ற கலைக்கூடம் இரண்டாவது கண்காட்சியை வைத்தது. அதன் பெயர் 'வரலாறு இங்கே தொடங்கியது'. கமரூனில் பிறந்த பொனவென்ச்சர் என்டிகுங் என்பவரும் கமிலா மெத்வாலி என்ற இசைக் கலைஞரும் இவற்றின் பின்னால் நின்றவர்கள்.

சுவரில் படம் மாட்டி வைத்த கண்காட்சி என்று நினைக்க வேண்டாம். அங்கே பார்க்க வைத்ததை விடக் கேட்க வைத்ததுதான் முக்கியம். ஹலீமின் வேலைகளை முன்னால் வைத்து, பல நாட்டுக் கலைஞர்கள் அவருக்குப் பதில் சொல்வது போலத் தங்கள் புதிய படைப்புகளைச் செய்திருந்தார்கள்.

ஹலீம் அதைப் பார்க்கவில்லை. 2017 செப்டெம்பரில், டக்கார் கண்காட்சிக்குச் சில மாதங்கள் முந்தி, தனது 96ஆவது வயதில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் காலமாகிவிட்டார்.

பெயரைப் பார்த்து முஸ்லிம் என்று நினைக்க இடமுண்டு. முழுப்பெயர் ஹலீம் அப்துல் மஸீஹ் அல்-ழப்உ. ஈஸா நபியை மஸீஹ் என்று நாமும் சொல்கிறோம்தான். ஆனால் அப்துல் மஸீஹ் என்று பெயர் வைப்பவர்கள் அறபுக் கிறிஸ்தவர்கள். இவர் எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். கடைசிப் பெயர் அறபில் 'ழாத்' எழுத்தில் தொடங்குவது, பொருள் கழுதைப்புலி! ஆங்கிலத்தில் எழுதி எழுதி எல்-தாப் ஆகிவிட்டது. வாசிக்க இலகுவாக நான் ஹலீம் என்றே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1921இல், கெய்ரோவின் ஸகாகீனி பகுதியில். அந்தக் காலத்துக் கெய்ரோவைக் கொஞ்சம் மனதில் கொண்டுவர வேண்டும். ஒலி விடயத்தில் அது பின்தங்கிய ஊர் அல்ல. இசைத்தட்டுக் கம்பனிகள் அங்கே போட்டி போட்டுப் பதிவு செய்தன. 1934 மே 31ஆம் திகதி எகிப்தின் தேசிய வானொலி, ஷெய்க் முஹம்மத் ரிப்அத் அவர்களின் கிராஅத்தோடு ஆரம்பமானது. ஒலிபெருக்கியும் மைக்கும் வானொலியும் அங்கே தெருவுக்குத் தெரு பேசப்பட்ட விடயங்கள்.

இதற்கு இரண்டு வருடம் முந்தி, 1932இல், மன்னர் புவாதின் ஆதரவில் அங்கே அறபு இசை மாநாடு நடந்தது. மொரோக்கோ முதல் ஈராக் வரை பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பேலா பார்டோக், பௌல் ஹிண்டெமித் போன்ற பெரிய இசையமைப்பாளர்களும் வந்தார்கள். 11 வயதுச் சிறுவன் ஹலீமும் அண்ணனுடன் அங்கே போயிருந்தான்.

அந்த மாநாட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை விளங்கிக்கொள்ள முடியாது. எகிப்தியர்களில் பலர், நமது இசையையும் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், பியானோ போன்ற கருவிகளையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அறிஞர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். உங்கள் இசை பழமையானது, அழகானது, அதை அப்படியே காப்பாற்றுங்கள், நாங்கள் பதிந்து வைக்கிறோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதன்படி நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் பதிவும் நடந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை; இன்று அந்தப் பதிவுகள் பெரிய பொக்கிஷம். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு பங்கீடு ஒளிந்திருக்கிறது. இயந்திரம் அவர்களுடையது, ஒலி எங்களுடையது. பதிபவர் அவர், பதியப்படுபவர் இவர். புதியதைச் செய்வது அங்கே, பழையதைக் காப்பது இங்கே.

12 வருடம் கழித்து ஹலீம் செய்த வேலை இந்தப் பங்கீட்டுக்கு நேர் எதிரானது. அவர் பெயர் ஏன் இத்தனை காலம் புத்தகங்களில் ஏறவில்லை என்பதற்கும் என் பார்வையில் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இனி 1944.

ஹலீம் அப்போது இசைக் கல்லூரி மாணவர் அல்ல. இன்று கெய்ரோ பல்கலைக்கழகம் எனப்படும் புவாத் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். பட்டம் எடுத்தது 1945இல். பியானோவும் தர்புகா மேளமும் வாசிப்பார். கிராமங்களுக்குப் போகும் படிப்பு என்பதால் வயல் பாட்டு, கல்யாணப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் காதில் விழுந்தபடி இருந்தன.

கெய்ரோவிலிருந்த மத்திய கிழக்கு வானொலி என்ற நிலையத்தில் ஒரு கம்பி ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதை இரவல் வாங்கினார். நம்மில் பலர் கெசட் பார்த்தவர்கள். இது கெசட்டுக்கு முந்தியது. நாடாவுக்குப் பதிலாக, தலைமுடி போல மெல்லிய உருக்குக் கம்பி ஒரு சுருளிலிருந்து மற்றச் சுருளுக்கு ஓடும். நடுவில் ஒரு மின்காந்தம். மைக்கில் வரும் ஒலி மின்னாக மாறி, அந்த மின் காந்தமாக மாறி, ஓடும் கம்பியில் கூடியும் குறைந்தும் பதியும். திரும்ப ஓடவிட்டால் அதே வழியில் ஒலி வெளியே வரும். டென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமார் பௌல்சன் 1898இல் கண்டுபிடித்த முறை இது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் வீடுகளுக்கு விற்ற கருவிகளில் ஒரு மணித்தியாலம் பதிய 2 கிலோமீற்றருக்கும் அதிகமான கம்பி போகும்! அறுந்தால் முடிச்சுப் போட வேண்டியதுதான்.

இதைத் தூக்கிக்கொண்டு அவரும் ஒரு நண்பரும் போன இடம், ஸார் சடங்கு நடந்த ஒரு வீடு.

ஸார் என்பது எகிப்து, சூடான், எத்தியோப்பியா பக்கங்களில் இருந்து வந்த ஒரு வழக்கம். ஒரு பெண்ணை ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பி, மேளம் கொட்டிப் பாடி, அவள் ஆடிக் களைத்து விழும்வரை செய்யும் சடங்கு. பாடுவது, அடிப்பது, ஆடுவது பெரும்பாலும் பெண்கள். உலமாக்கள் இதைக் கண்டித்தே வந்திருக்கிறார்கள். கமெண்டில் யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இதை மார்க்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் அதில் வேறு கருத்து இல்லை. ஆனால் அது அங்கே நடந்தது. ஏழைப் பெண்கள் தங்கள் துக்கத்தை வாய்விட்டுக் கத்த அவர்களுக்கு இருந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. வரலாறு எழுதும்போது நமக்குப் பிடிக்காததைத் தவிர்த்துவிட முடியாது.

ஆண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இருவரும் பெண்களைப் போல வேடமிட்டு உள்ளே போனார்கள். பதிந்தார்கள்.

இதுவரை நடந்தது ஓர் ஆய்வாளரும் செய்யக்கூடிய வேலை. இதற்குப் பிறகு செய்ததுதான் புதியது. பதிவை வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எதிரொலி உண்டாக்கும் அறைகள் இருந்தன. ஒரு அறையில் சுவர்களை நகர்த்தலாம். நகர்த்த நகர்த்த எதிரொலியின் அளவும் தன்மையும் மாறும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருந்தது. கம்பியை நாடா போல வெட்டி ஒட்டுவது சிரமம். அதனால் அவர் பதிவை அந்த அறைக்குள் ஒலிக்க விட்டு, அந்த ஒலியை மறுபடி பதிந்து, அதையும் ஒலிக்க விட்டு மறுபடி பதிந்தார்.

எந்த ஒரு குரலிலும் ஓர் அடி ஒலி இருக்கும். அதன் மேல் மெல்லிய உயர் ஒலிகள் பல அடுக்காக இருக்கும். அடி ஒலிதான் என்ன சுரம் என்று நமக்குச் சொல்வது. மேலடுக்குகளால்தான் இது உம்மாவின் குரல், இது ராத்தாவின் குரல் என்று பிரித்து அறிகிறோம். ஹலீம் அடி ஒலிகளைக் கழித்துக்கொண்டே போனார். மேலடுக்குகளை மாத்திரம் மிதக்க விட்டார். கடைசியில் அது பெண்கள் பாடும் சத்தம் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்தது. தூரத்தில் காற்று இரைவது போல, ஏதோ மணி அதிர்ந்து அடங்குவது போல. குரலுக்குள் இருந்த இன்னொரு குரலைத் தேடியதாகப் பிற்காலத்தில் அவர் விளக்கியிருக்கிறார்.

20 நிமிடத்துக்கும் அதிகமான அந்த ஆக்கத்துக்கு 'தஃபீர் அஸ்-ஸார்', அதாவது ஸாரின் வெளிப்பாடு, என்று பெயர். அந்த வருடமே கெய்ரோவில் ஒரு கலைக்கூட நிகழ்வில் அதை ஒலிக்க விட்டார். மேடையில் பாடகர் இல்லை, வாத்தியம் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து ஒலி வந்தது, மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1948இல், பரிஸில் பிரெஞ்சு வானொலியின் பொறியியலாளர் பியேர் ஷேஃபர், ரயில் சத்தங்களைப் பதிந்து கோர்த்து ஓர் ஆக்கத்தை ஒலிபரப்பினார். பதிந்த ஒலியையே மூலப்பொருளாக எடுத்து இசை செய்யும் இந்தக் கலையின் பிறப்பு என்று பெரும்பாலான பாடப்புத்தகங்கள் குறிப்பது அந்த வருடத்தைத்தான்.

அப்படியானால் உலகத்தில் முதலாவது ஹலீம்தானா? 'ஐரோப்பியர் மறைத்த உண்மை' என்று தலைப்புப் போட்டு ஷெயார் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். 1930இலேயே ஜேர்மனியில் வால்ட்டர் ருட்மன் என்ற திரைப்படக்காரர், படச்சுருளின் ஒலிப்பகுதியில் நகரச் சத்தங்களை மாத்திரம் பதிந்து, வெட்டி ஒட்டி, படமே இல்லாத 11 நிமிடப் படம் ஒன்றைச் செய்துவிட்டார். அவர் செய்தது சத்தங்களை அடுக்கியது; ஹலீம் செய்தது சத்தத்தின் உள்ளேயே கைவைத்தது. இரண்டும் வேறு என்று நான் வாதாடுவேன். ஆனால் 'முதல்' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கினால், அடுத்த வாரம் ஒருவர் இன்னொரு பெயரோடு வருவார். வகுப்பில் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள், முதலில் கண்டுபிடித்தது யார் சேர் என்று. மூன்று ஊரில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், கிடைத்த கருவியோடு ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மாத்திரம் கெய்ரோவில் இருந்தார் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஏன் என்று கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஷேஃபரைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அவர் தான் செய்ததற்கு ஒரு பெயர் வைத்தார். அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அரச வானொலியின் பணமும் கலையகமும் அவரிடம் இருந்தன. மாணவர்கள் வந்தார்கள், அவர்கள் மாணவர்களை உருவாக்கினார்கள். ஹலீமிடம் இருந்தது இரவல் கருவி. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவர் விவசாய வேலைக்குப் போனார். பெயர் வைக்கவில்லை, கொள்கை விளக்கம் எழுதவில்லை. கம்பிச் சுருளை எத்தனை பேர் கேட்டிருக்க முடியும்? 2000ஆம் ஆண்டில்தான் அதன் சுமார் 2 நிமிடத் துண்டு ஒன்று இறுவட்டாக வெளிவந்தது. 56 வருடம்! எழுதி வைக்காதவனுக்கு வரலாற்றில் பாதி இடம்தான் என்பது ஒரு காரணம். அவர் எழுதியிருந்தாலும் 1932 மாநாட்டின் அந்தப் பங்கீடு இருந்தது. எகிப்தியர் ஒருவர் இயந்திரத்தோடு நின்றால் அவரை எந்த அலுமாரியில் வைப்பது என்று எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

இதன் பிறகு அவர் வாழ்க்கை வேகமாக நகர்கிறது. 1948இல் பலஸ்தீன யுத்தம். அதன் வேதனையில் ஒரு பியானோ ஆக்கம் எழுதி, 1949இல் கெய்ரோவில் வாசித்தார். 'போர்முனையில் இருளும் ஈரமும்' என்பது போன்ற பெயர். அந்த நிகழ்ச்சியோடு அவர் பெயர் பரவியது. 1950இல் புல்பிரைட் புலமைப்பரிசிலில் அமெரிக்கா போனார். விவசாயம் அத்தோடு முடிந்தது. நியூ மெக்சிகோவில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசையைக் கேட்டார், பிறகு ஏரன் கோப்லண்ட் போன்றவர்களிடம் படித்தார். 1958இல் மார்த்தா கிரஹம் என்ற பெரிய நடனக் கலைஞரின் முழுநீள நடன நாடகத்துக்கு இசையமைத்தார்.

1959இல் நியூயோர்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் இலத்திரனியல் இசை நிலையம் அவரை அழைத்தது. ஒரு அறையை நிரப்பி நிற்கும் ஒலித்தொகுப்பி இயந்திரம் அங்கே இருந்தது. அங்கிருந்த சிலர் இசையைக் கணக்கு மாதிரி எழுதினார்கள். ஹலீம் அங்கே போய் எடுத்த கதை எது தெரியுமா? லைலா மஜ்னூன்! 'லைலாவும் கவிஞனும்' என்ற அந்த ஆக்கத்தில் மனிதக் குரல்களை வேகம் மாற்றி, நீட்டி, எதிரொலியில் கரைத்து, மேளத்தோடு கலந்திருக்கிறார். 1964இல் வெளிவந்த, அந்த நிலையத்தின் ஆக்கங்கள் அடங்கிய இசைத்தட்டில் அது இடம்பெற்றது. அதே தட்டில் துருக்கியரான புலென்ட் அரெலின் ஆக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் அதிநவீன இயந்திரக் கூடத்திலிருந்து, நம் மூத்தவர்களுக்குக் கஸீதாவிலும் சினிமாவிலும் பழக்கமான லைலா வெளியே வந்தாள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிறகு எத்தியோப்பியாவில் இரண்டு வருடம். அடிஸ் அபாபாவில் பல இனத்தவரின் பாரம்பரிய வாத்தியங்களை ஒரே மேடையில் இருத்தி 1963இல் ஒரு வாத்தியக் குழுவை உருவாக்கினார். 1969 முதல் ஒஹையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். போய் ஒரு வருடம் ஆவதற்குள், 1970 மே 4இல், அந்த வளாகத்திலேயே யுத்த எதிர்ப்பு மாணவர்கள் மீது படையினர் சுட்டு நால்வர் இறந்தார்கள். அதைப் பற்றி அடுத்த வருடம் ஓர் இசை நாடகம் எழுதினார்.

கீஸா பிரமிட்டுகளின் முன்னால் இரவில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்கு 1960களின் தொடக்கத்தில் இசையமைத்தவரும் இவரே. பெர்லின் கண்காட்சியின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பல தசாப்தங்களாக எத்தனை இலட்சம் பேர் அந்த மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக் கேட்டிருப்பார்கள். நம் ஊரிலிருந்து எகிப்துக்குச் சுற்றுலா போனவர்களும், அஸ்ஹரில் ஓதியவர்களும் கேட்டிருக்கலாம். பெயர் தெரியாமலே.

ஒரு விடயம் எனக்கு நெருடலாக இருக்கிறது. மறக்கப்பட்டவர் என்று நாம் ஹலீமை மீட்டெடுக்கிறோம். அந்தக் கம்பியில் பதிந்த குரல்கள் யாருடையவை? அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை. அவர்களிடம் கேட்டுப் பதிந்ததும் இல்லை. வேடமிட்டுப் போய் எடுத்தது. ஐரோப்பியர் எகிப்தியரைப் பதிந்தபோது இருந்த பங்கீட்டை உடைத்த மனிதர், படித்த இளைஞனாக ஏழைப் பெண்கள் முன் நின்றபோது தானும் பதிபவராகவே நின்றார். அவர்கள் பொருளானார்கள், அவர் கலைஞரானார். போதாதற்கு, அவர் நுட்பத்தின் சிறப்பே அந்தக் குரல்களை யாரும் அடையாளம் காணாதபடி ஆக்கியதுதான். இதனால் அவர் வேலை சிறியதாகிவிடாது. ஆனால் அவரைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கெய்ரோவில் இன்று மஸாஹிர் என்ற குழு இருக்கிறது. ஸார் பாட்டுத் தெரிந்த கடைசித் தலைமுறைப் பெண்கள் அதில் தங்கள் பெயரோடு மேடையில் பாடுகிறார்கள். உம்மு ஸாமிஹ் என்ற பெண்மணியின் பெயரில் அந்தக் குழு அறியப்படுகிறது. 1944இல் அந்த வீட்டிலிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கேட்க விரும்புபவர்களுக்கு: யூடியூபில் அவருடைய பெயரைத் தேடினால் அந்த 2 நிமிடத் துண்டு கிடைக்கும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் வெறும் இரைச்சல்தான், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். முதலில் ஒன்றும் பிடிபடாது. இரண்டாவது தடவை, அந்த இரைச்சலின் அடியில் யாரோ மூச்சு விட்டுப் பாடுவது போல ஒன்று வரும். லைலா பற்றிய ஆக்கத்தை அதற்குப் பிறகு கேளுங்கள், அது இலகு.